அயர்லாந்து மெட்டுகளுக்கு எந்த மாண்டலின், எந்தத் தந்தி? கேள்வி பதில்

ஐரிஷ் நாட்டுப்புற இசையை மாண்டலினில் வாசிக்கத் தொடங்கியவர்களும் தொடங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில், அடிக்கடி வருபவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கடையில் நீள்வட்டத் துளை போட்ட மாண்டலினும் இருக்கிறது, வயலின்போல இரண்டு எஃப் துளை போட்டதும் இருக்கிறது. ஒன்றில் தோள்பக்கம் சுருள் செதுக்கி மிக அழகாக இருக்கிறது, விலையும் இரண்டு மடங்கு. நான் எதை வாங்கலாம்?

சுருளை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். சுருள் உள்ளதை எஃப் வடிவம் என்றும், சுருளில்லாமல் பேரிக்காய்போல இருப்பதை ஏ வடிவம் என்றும் சொல்வார்கள். அதிக விலை அந்தச் செதுக்கு வேலைக்கான கூலி. ஒலிக்கும் அதற்கும் சொல்லத்தக்க தொடர்பு கிடையாது. அதே பணத்தை ஏ வடிவத்தில் போட்டால் அதைவிட நல்ல மரமும் நல்ல கைவேலையும் கிடைக்கும்.

உண்மையில் யோசிக்க வேண்டியது துளையைப் பற்றித்தான். அமெரிக்க வாத்திய நிறுவனமான கிப்ஸன் 1922-இல், லாய்ட் லோர் என்ற வடிவமைப்பாளர் அங்கே பணியாற்றிய காலத்தில், எஃப்-5 என்ற மாண்டலினை எஃப் துளைகளோடு கொண்டுவந்தது. பில் மன்றோ 1923-இல் செய்யப்பட்ட அப்படியொரு வாத்தியத்தை வைத்துக்கொண்டு புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வகைக்கே ஒரு உருவம் கொடுத்தார். அந்த இசையில் மாண்டலினுக்கு ஒரு தாளவாத்தியத்தின் வேலையும் உண்டு. கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்களை) நறுக்கென்று வெட்டி அடித்தால் ஒலி பளீரென்று எழுந்து உடனே அடங்க வேண்டும். எஃப் துளை வாத்தியம் அதற்கு அருமையாகப் பொருந்தும்.

ஐரிஷ் இசையில் மாண்டலின் மெட்டையே வாசிக்கிறது, பக்கத்தில் ஃபிடிலும் (வயலின்தான்) புல்லாங்குழலும் வாசிக்கும் அதே மெட்டை. வில்லுக்கும் மூச்சுக்கும் கார்வை தானாக வரும். நம் தந்தியோ மீட்டிய கணத்திலிருந்து தேய ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு சுரம் மறைவதற்குள் அடுத்த சுரம் வந்து அதோடு கலக்கும்படி, கொஞ்சம் நீண்ட, உருண்டையான ஒலி நமக்குத் தேவை. நீள்வட்டத் துளை வாத்தியங்கள் பொதுவாக அதைத் தருகின்றன. கீழ்த் தந்திகளில் ஒரு கனமும் இருக்கும். இந்த இசைக்கென்று ஒரே ஒரு மாண்டலின்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் நீள்வட்டத் துளை, ஏ வடிவம் என்பது என் பரிந்துரை.

சரி, ஏற்கெனவே எஃப் துளை வாத்தியம் கையில் இருந்தால்? அதிலேயே வாசியுங்கள். தந்தியையும், மீட்டும் வில்லையான பிக்கையும் மாற்றி, மீட்டும் இடத்தைக் கழுத்தின் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் ஒலி கணிசமாக இளகும்.

கேள்வி: நிறுவனம், மாடல் என்று குறிப்பாகச் சொல்ல முடியுமா? நிறைய செலவு செய்ய முடியாது.

மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரமாக இருக்க வேண்டும், ஒட்டுப்பலகையாக இருக்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பின் தடிமனுக்குள்ளும் தொடர்ந்து போனால் முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

நடுத்தர விலையில் ஈஸ்ட்மன் எம்.டி.304 நான் தயங்காமல் சொல்லக்கூடியது. நீள்வட்டத் துளை, முழு மரம், செதுக்கிய பலகை. இதன் எஃப் துளை உடன்பிறப்பு எம்.டி.305, கடையில் மாற்றி எடுத்துவிடாதீர்கள். பலகை தட்டையாக உள்ளவற்றையும் ஒதுக்க வேண்டாம். அமெரிக்க நிறுவனங்களான பிக் மடி, பழைய ஃபிளாட்டயர்ன் போன்றவற்றின் வாத்தியங்கள் பார்க்க எளிமையாக இருந்தாலும் ஐரிஷ் மெட்டுக்கு இனிமையாக ஒலிப்பவை. பழையது வாங்கத் துணிவிருந்தால் 1910-களிலும் 1920-களின் தொடக்கத்திலும் வந்த கிப்ஸன் ஏ வகைகளைத் தேடுங்கள். கழுத்து தடியாக இருக்கும். அது உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா என்று அரை மணி நேரமாவது வாசித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பணம் சேர்ந்த பிறகு யோசிக்க, அயர்லாந்தின் ஜோ ஃபோலி, இங்கிலாந்தின் ஸ்டெஃபன் சோபெல் போன்றவர்கள் செய்த வாத்தியங்கள் இருக்கின்றன. முதல் வாத்தியத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

கேள்வி: உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய இத்தாலிய மாண்டலின் கிடைத்தது. முதுகு தர்பூசணிபோல உருண்டையாக இருக்கிறது. இன்றைய தந்தி போடலாமா?

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மீடியம் தந்தியைத் தயவுசெய்து போடாதீர்கள். எட்டு மீடியம் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 80 கிலோ. அந்த மெல்லிய பலகை அதற்காகச் செய்யப்பட்டதல்ல. முதலில் பலகை குழிந்துபோகும், பிறகு கழுத்து முன்னால் வளையும். மிக மெல்லிய தந்தி, அதாவது மேல் தந்தியான ஈ 0.009 அங்குலத்தில் தொடங்கும் செட்டாகத் தேடிப் போடுங்கள். மெட்டுகள் வாசிக்கலாம், ஒலியும் தனி அழகாக இருக்கும். ஆனால் மடியில் வழுக்கும், கூட்டத்தில் கேட்காது. வீட்டில் வைத்துப் பழக நல்லது.

கேள்வி: தந்தி வாங்கப் போனால் 10, 11, பாஸ்பர் பிரான்ஸ், 80/20, ஃபிளாட்வூண்ட் என்று தலை சுற்றுகிறது. ஐரிஷ் இசைக்கு எது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 10, 11 என்பவை மேல் ஈ தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. டி'அடாரியோ நிறுவனத்தின் இ.ஜே.74 மீடியம் செட், மேலிருந்து கீழாக நான்கு ஜோடிகளுக்கும்: 11, 15, 26, 40. அவர்களுடைய இ.ஜே.73 லைட் செட்: 10, 14, 24, 38. கேட்க அற்ப வித்தியாசம்போல இருக்கும், ஆனால் லைட் செட்டில் மொத்த இழுவிசை சுமார் 10 கிலோ குறைகிறது. அதை இடது கை விரல்நுனி உடனே உணரும்.

செதுக்கிய பலகை உள்ள வாத்தியத்துக்கு மீடியம்தான் பொதுவான தேர்வு. பலகையை அசைக்க அந்த விசை வேண்டும், ஒலியும் நிறைவாக வரும். தட்டைப் பலகை வாத்தியத்துக்கும் நூறாண்டு பழைய கிப்ஸனுக்கும் லைட் போடுங்கள். விரல் இன்னும் காய்ப்புக் காய்க்காத தொடக்கக்காரர்களும் முதல் ஆறு மாதம் லைட்டில் பழகலாம். விரல் வலித்து வாத்தியத்தை மூலையில் வைத்துவிடுவதைவிட ஒலி கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை.

அடுத்து உலோகம். 80/20 என்பது எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு துத்தநாகம் சேர்ந்த கம்பி சுற்றியது. போட்ட நாளில் பளபளவென்று ஒலித்து, சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் அதைவிடக் கதகதப்பானது, அதிக நாள் தாங்கும். நான் பாஸ்பர் பிரான்ஸ்தான் போடுகிறேன். கையில் வியர்வை அதிகம் உள்ளவர்கள் பூச்சுப் பூசிய தந்தி வாங்கினால் விலைக்கேற்ற ஆயுள் கிடைக்கும்.

ஃபிளாட்வூண்ட் என்றால் மேலே சுற்றிய கம்பி தட்டையாக இருக்கும். விரல் நகரும்போது கீச்சென்ற சத்தம் வராது. வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் செய்வது இதில் பேர்போனது. விலை பல மடங்கு, ஆயுளும் அப்படியே. கூர்மையாக ஒலிக்கும் எஃப் துளை வாத்தியம் உங்களிடம் இருந்தால் இந்தச் செட் அதை ஐரிஷ் இசைக்கு அழகாக வளைத்துக்கொடுக்கும். ஏற்கெனவே கனமாக ஒலிக்கும் நீள்வட்டத் துளையில் போட்டால் ஒலி போர்வைக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிடுகிறது. நான் போட்டுப் பார்த்து ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன்.

வாங்கும்போது தந்தியின் நுனி வளையமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மாண்டலின்களின் வால்பகுதியில் கொக்கிதான் உண்டு. கிட்டார்போல உருண்டை நுனி இருந்தால் மாட்டாது.

கேள்வி: புதுத் தந்தி போட்டேன். திறந்த தந்தியில் சுருதி சரியாக நிற்கிறது, ஏழாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) அபசுரம். தந்தி மோசமா?

தந்தியில் பழுதில்லை, பலகைமேல் தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்ந்திருக்கிறது. மாண்டலினில் குதிரை ஒட்டப்பட்டிருக்காது, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். எட்டையும் ஒரேயடியாகக் கழற்றியிருப்பீர்கள்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு மீட்டி வரும் மணியொலியையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறி இருந்தால் குதிரையை வால்பக்கம் தள்ளுங்கள், இறங்கி இருந்தால் கழுத்துப்பக்கம். ஜி, ஈ இரண்டு தந்திகளிலும் சரிபார்த்தால் போதும். தந்தியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். இனிமேல் ஒரு ஜோடியைக் கழற்றி, புதியதைப் போட்டு, சுருதி ஏற்றிய பிறகே அடுத்த ஜோடியைத் தொடுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் ஜி பக்கம் 2 மில்லிமீட்டருக்குள்ளும் ஈ பக்கம் 1.5 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். கழுத்தின் மேல்நுனியில் தந்திகள் பதியும் நட்டிலும் தந்தி உயரமாக நிற்கக் கூடாது. இந்த இசை முழுக்க முதல் ஏழு ஃப்ரெட்டுக்குள், அதுவும் பெரும்பாலும் முதல் ஐந்துக்குள் நடக்கிறது. ரீல் என்ற விரைவான நடன மெட்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் தேவைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தால் கை இரண்டாவது மெட்டிலேயே சோர்ந்துவிடும். "எனக்கு வேகம் வரவில்லை" என்று மனம் தளர்ந்து வாத்தியத்தைக் கொண்டுவந்தவர்கள் பலருக்கு நட்டின் பள்ளங்களை அரை மணி நேரம் ராவிக் கொடுத்ததுதான் மருந்தாக இருந்திருக்கிறது. ஆகவே வாங்கும் தொகையில் ஒரு பங்கை நல்ல பழுதுபார்ப்பவரின் கூலிக்கென்று எடுத்து வையுங்கள். விலை குறைந்த வாத்தியத்துக்கு இது இன்னும் அவசியம்.

கேள்வி: கர்நாடக இசைக்கான மின் மாண்டலின் பல வருடம் கற்றிருக்கிறேன். அதையே ஐரிஷ் இசைக்கும் பயன்படுத்தலாமா?

காதையும் விரலையும் கொண்டுவாருங்கள், வாத்தியத்தை வீட்டில் விட்டுவிடுங்கள். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் தந்திகளை ஜோடி ஜோடியாக வைக்காமல் ஒற்றையாக வைத்து, ஐந்து தந்தியாக அமைத்துக்கொண்டது கமகத்துக்காக. சுருதியும் ஸ-ப முறையில். ஐரிஷ் மாண்டலினில் நான்கு ஜோடி, வயலினைப்போல கீழிருந்து ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொரு ஜோடியும் தனக்குக் கீழுள்ளதன் பஞ்சமம். அதனால் ஒரு ஜோடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது விரல் அமைப்பு எங்கும் ஒரே மாதிரி மாறும். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

மெட்டுகளின் சுர வரிசைகள் உங்களுக்கு அந்நியமாக இருக்காது. டி-யிலும் ஜி-யிலும் வரும் பல மெட்டுகள் சங்கராபரணத்தின் சுரங்களில் நிற்கும். ஏ-யிலும் ஈ-யிலும் வரும் டோரியன் மெட்டுகளில் கரகரப்பிரியாவின் சுரங்கள், மிக்ஸோலிடியன் என்பவற்றில் ஹரிகாம்போதியின் சுரங்கள். சுரங்கள் மட்டும்தான் அவை, ராகம் அல்ல. கமகம் சேர்த்தால் மெட்டு உடைந்துவிடும். சுரம் நேராக நிற்க வேண்டும். அலங்காரம் பெரும்பாலும் வலது கையில் இருக்கிறது. ஒரே சுரத்தைக் கீழ்-மேல்-கீழ் என்று மூன்று முறை சடசடவென்று மீட்டும் 'டிரெபிள்' அதில் முதன்மையானது. உங்களுக்குப் புதிதாக உழைப்பு தேவைப்படுவது அங்கேதான்.

கேள்வி: பிக் எப்படிப்பட்டது வேண்டும்?

1 மில்லிமீட்டருக்குக் குறையாமல், முனை மழுங்கியதாக எடுத்துப் பாருங்கள். கூர்முனை மெல்லிய பிக்கில் தகர ஒலி வரும். டிரெபிள் வாசிக்கத் தடிமன் இடைஞ்சலாக இருந்தால் சற்று இறங்குங்கள், 0.8 வரை. பிக்கைவிட முக்கியம் அதன் திசை. ரீலில் கீழ்-மேல் என்று மாறி மாறி வரும். ஜிக் என்ற நடன மெட்டில் மூன்று மூன்றாகக் கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ். ஒவ்வொரு மூன்றின் முதல் சுரமும் கீழ்நோக்கி விழுவதால்தான் ஜிக்கின் ஆட்டம் பிறக்கிறது. இதை ஆரம்பத்திலேயே கையில் ஏற்றிக்கொள்ளுங்கள், பின்னால் திருத்துவது பெரும்பாடு.

கேள்வி: பப்பில் பலர் கூடி வாசிக்கும் செஷனில் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. தடித்த தந்தி போடலாமா? இல்லை ஆக்டேவ் மாண்டலினுக்கோ பாஞ்ஜோவுக்கோ மாறிவிடலாமா?

தடித்த தந்தி வேண்டாம். சத்தம் அற்பமாகத்தான் கூடும், வாத்தியத்துக்குத்தான் சுமை. பத்துப் பேர் நடுவே அக்கார்டியனும் பைப்பும் முழங்கும்போது எந்த மாண்டலினும் அடங்கித்தான் போகும்.

டெனர் பாஞ்ஜோ நியாயமான வழி. டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மக்கென்னா அதை மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஜி-டி-ஏ-ஈ என்று சேர்த்து வாசித்ததன் பிறகு, அந்தச் சுருதிதான் ஐரிஷ் பாஞ்ஜோவுக்கு வழக்கமாகிவிட்டது. உங்களுக்குத் தெரிந்த மெட்டுகள் அப்படியே அதில் வரும், விரல் மட்டும் இன்னும் அகல விரிய வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் ஆக்டேவ் மாண்டலினும், நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியமான புஜூகியும் வேறு வேலைக்கானவை. 1960-களின் நடுவில் ஜானி மொய்னிஹன் கிரேக்கப் புஜூகியை ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தார். இன்று அதில் முக்கியமாகப் பக்கவாத்தியம்தான் வாசிக்கிறார்கள். மெட்டு வாசிக்க ஆசைப்பட்டு அதை வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும்.

மாறுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அக்கார்டியன் பக்கத்திலிருந்து எழுந்து ஃபிடிலுக்கோ தகரக் குழலுக்கோ அருகில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி உட்காருங்கள். வாத்தியத்தின் பின்பலகை உங்கள் வயிற்றில் அழுந்தாமல் சற்று விலக்கிப் பிடியுங்கள், ஒலி திறக்கும். பெரிய செஷன் ஒன்றுக்குப் போவதோடு, நான்கைந்து பேர் மட்டும் கூடும் சிறியது ஒன்றையும் தேடிக்கொள்ளுங்கள். பிளாங்ஸ்டி குழுவில் ஆண்டி இர்வைனின் மாண்டலினும் டோனல் லன்னியின் புஜூகியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போவதைக் கேட்டால், நிறைய இடம் கொடுக்கப்பட்ட மாண்டலின் எப்படிப் பேசும் என்று தெரியும். அப்படிப்பட்ட ஒரு சின்ன வட்டம் கிடைத்த பிறகும் பாஞ்ஜோ வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள்.