சிறுகதையில் சஸ்பென்ஸைக் கூட்டுவதற்கு எந்த இலக்கிய உத்தி அதிகம் உதவும்?

முன்னுணர்த்தல் (பின்னால் வரப்போவதற்கு முன்பே குறிப்புக் காட்டுவது), முரண், குறியீடு, கதைசொல்லியின் கோணம் என்று நான்கைச் சொல்லி, இவற்றில் எது சஸ்பென்ஸுக்கு முக்கியம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு முரணுக்குத்தான். வாசகருக்குத் தெரிந்த ஒன்று கதாபாத்திரத்துக்குத் தெரியாமல் இருக்குமே, அந்த நாடக முரணைச் சொல்கிறேன்.

சஸ்பென்ஸ் என்றாலே எதையாவது ஒளித்து வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். துப்பறியும் கதைகள் பழக்கிவிட்டது அப்படி. ஒளித்து வைத்தால் புதிர் கிடைக்கும். யார் செய்திருப்பார்கள் என்று மண்டையைக் குடைந்துகொள்வோம். நெஞ்சு பதைக்க வேண்டுமானால் கொஞ்சமாவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எதற்குப் பயப்படுவது என்றே தெரியாதவர் எப்படிப் பயப்படுவார்?

சுஜாதாவின் 'நகரம்' கதையைப் பாருங்கள். அதில் கொலையும் இல்லை, பேயும் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் மகள் பாப்பாத்தியை வள்ளியம்மாள் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். பெரிய டாக்டர் பார்த்ததுமே மூளைக்காய்ச்சல் என்று கண்டுபிடித்து, உடனே அட்மிட் செய்யச் சொல்கிறார். நோயின் பெயரை அவர் ஆங்கிலத்தில் சொல்வதால் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நமக்கு விளங்கிவிடுகிறது. அதற்கப்புறம் வருவதெல்லாம் சீட்டு, வரிசை, கையெழுத்து, இந்த அறைக்குப் போ, அந்த அறைக்குப் போ. வேறு கதையாக இருந்தால் இரண்டு பக்கம் தள்ளிவிட்டுப் போயிருப்போம். இங்கே அவள் ஒவ்வொரு வரிசையில் நிற்கும்போதும் நமக்கு மூச்சு முட்டுகிறது. டாக்டர் சொன்ன 'உடனே'தான் இந்தக் கதையின் கடிகாரம். அது ஓடுவது அவளைத் தவிர நம் எல்லோருக்கும் கேட்கிறது. நாளைக் காலை ஏழரை மணிக்கு வா என்று அவளை அனுப்பிவிடும் இடத்தில் புத்தகத்துக்குள் புகுந்து கத்தலாம் போலிருக்கும். சுஜாதா எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டார்.

எழுதும்போது இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சின்ன உதாரணம் தருகிறேன். முதலில் சாதாரணமாக:

"பூட்டிக் கிடந்த மாடி அறையில் யாரோ நடமாடும் சத்தம் கேட்டு சுமதி பயந்துபோனாள்."

செய்தி முடிந்துவிட்டது. பயத்தையும் அவளே பட்டுவிட்டாள், நமக்கு வேலையில்லை. இப்போது இப்படி:

"சுமதி கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். மாடியில் நாற்காலி நகர்ந்தது. குழாயை மூடிவிட்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, மாடிச் சாவி தொங்கும் ஆணியைப் பார்த்தாள். சாவி அங்கேதான் இருந்தது."

சாவி இருப்பது வேறு எந்த நாளிலும் நல்ல செய்திதான். இங்கே அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அந்தக் கடைசி வரி தனியாக நிற்காது. அந்த அறைக்கு அது ஒன்றே சாவி என்பதும், சாயங்காலம் அவளே பூட்டிவிட்டு வந்தாள் என்பதும் ஒரு பக்கம் முன்னால், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் போகிறபோக்கில் வந்திருக்க வேண்டும். முன்னுணர்த்தல் என்று நீங்கள் கேட்டது இதைத்தான். நாய் ஊளையிடுவதும் விளக்கு அணைவதும் முன்னுணர்த்தல் கணக்கில் சேராது, அவை வெறும் மேளச்சத்தம்.

வேகம் பற்றி ஒன்று. பதற்றமான இடத்தில் வாக்கியங்களைக் குட்டி குட்டியாக வெட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி சரி. ஆபத்து வந்துவிட்ட நொடிக்கு அது பொருந்தும். வரப்போகிறது என்னும்போது நிதானம்தான் கொடுமை. எட்கர் ஆலன் போவின், 1843இல் வெளியான இதயத்துடிப்புக் கதையில் ('தி டெல்-டேல் ஹார்ட்'), தூங்கும் கிழவரின் அறைக்குள் தலையை நுழைக்கவே கொலைகாரனுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கதவைத் திறந்தான், வெட்டினான் என்றிருந்தால் அது போலீஸ் அறிக்கை.

கோணத்துக்கு நல்ல உதாரணம் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் குரங்குக் கைக் கதை (1902). மூன்று வரம் தரும் கை. முதல் வரத்தில் இருநூறு பவுண்டு கேட்கிறார்கள்; மகன் இயந்திரத்தில் சிக்கிச் சாக, அதே இருநூறு பவுண்டு இழப்பீடாக வருகிறது. விதி என்னவென்று நமக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் அவனை உயிரோடு கொண்டுவா என்று தாய் தந்தையைக் கேட்க வைக்கும்போது உடம்பு சில்லிடுகிறது. அப்புறம் கதவு தட்டப்படுகிறது. தட்டும் சத்தம் ஓயும் வரை கதை வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. வெளியே நிற்பது எது என்று ஒரு வரிகூட வர்ணனை கிடையாது. தாய் தாழ்ப்பாளோடு போராடுகிறாள், தந்தை தரையில் அந்தக் கையைத் தேடுகிறார், அவ்வளவுதான்.

குறியீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மனநிலையை உண்டாக்கும், அடுத்த பக்கத்தைப் புரட்ட வைக்காது. மூன்று புள்ளிகளும் ஆச்சரியக்குறிகளும் அதைவிட மோசம்.

கடைசி வரித் திருப்பம் வைக்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் சிக்கல். திருப்பத்துக்கு மறைக்க வேண்டும், சஸ்பென்ஸுக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டையும் ஒரே கதையில் சமாளித்தவர் ஷெர்லி ஜாக்சன், 1948இல் வந்த 'தி லாட்டரி'யில். (படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.) ஊர் கூடிச் சீட்டு எடுக்கிறது, யாருக்கு விழும் என்பதுதான் நம்மை இழுத்துக்கொண்டு போகும் கேள்வி. விழுந்தவரை ஊரே கல்லால் அடித்துக் கொல்லும் என்பதை அவர் மூச்சுவிடவில்லை, அதைத் திருப்பத்துக்கு வைத்துக்கொண்டார். ஆனால் ஆரம்பத்திலேயே பையன்கள் கற்களைப் பொறுக்கிப் பையில் நிரப்புகிறார்கள், வழவழப்பான உருண்டைக் கல்லாகப் பார்த்து. பையன்கள் விளையாடத்தானே செய்வார்கள் என்று நாமும் தாண்டிப் போய்விடுகிறோம்.