மிச்சமிருக்கும் பார்வையோடு: வாசகர் கேள்வி-பதில்

படிப்படியாகப் பார்வை குறைந்துவருபவர்களும் அவர்கள் வீட்டாரும் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கேள்விகளுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "முழுவதும் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்காதீர்கள். கோல் பிடிப்பதானாலும், கைப்பேசியைக் காதால் கேட்டு இயக்குவதானாலும், கொஞ்சம் பார்வை இருக்கும்போது பழகுவதுதான் எளிது. பயிற்சிக்கு வருபவர்களில் பலர் மிகத் தாமதமாக வருகிறார்கள் என்பது எனக்கு ஆறாத ஆதங்கம்.

வயது 38. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். விடியும் முன் மரத்துக்கு மரம் போகையில் தடுக்கி விழுகிறேன். நெற்றியில் லைட் கட்டியும் பயனில்லை. பகலில் பேப்பர் படிக்க முடிகிறது. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னார். மாலைக்கண்தானே, வைட்டமின் மாத்திரை போதும் என்கிறார் என் மாமா. (அருமனை)

உங்கள் மாமா நினைப்பது வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண். உங்களுடையது மரபணு வழி வருவது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் செல்கள் விழித்திரையின் ஓரப்பகுதிகளில்தான் அதிகம். இந்த நோயில் அவைதான் முதலில் அழிகின்றன. அதனால் முதலில் இருட்டு, பிறகு பக்கப் பார்வை என்று போகிறது. நெற்றி லைட் நேரே விழும் இடத்தை மட்டும் காட்டும். பக்கத்தில் நீட்டியிருக்கும் வேர் உங்கள் கண்ணுக்கு வராது. வைட்டமின் ஏ-யைத் தானாக வாங்கி அதிக அளவில் விழுங்கினால் கல்லீரல் கெடும்.

மருந்து இல்லை என்றதும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரமே வரும். விழித்திரையின் நடுவில் நீர் கோப்பதும் உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டுங்கள். மரபணுப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டுமே. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை திரும்பும்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் நிலத்தை விற்றுக்கொண்டு போய் நிற்காதீர்கள். அமெரிக்காவில் அப்படி ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்களின் பார்வை மேலும் பறிபோனதை 2017-இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது.

வேலையைப் பொறுத்தவரை, இருட்டில் வெட்டப் போவதை இப்போதே நிறுத்துங்கள். குளிர்ந்த நேரத்தில் பால் நன்றாக ஊறும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சரிவிலும் கல்லிலும் கையில் கத்தியோடு விழுந்தால் என்ன ஆவது? வெளிச்சம் வந்தபிறகு செய்யும் பால் எடுப்பு, ஷீட் அடிப்பு வேலைகளுக்கு மாற முடியுமா என்று முதலாளியிடம் பேசுங்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டால் "உனக்குப் பார்வை நன்றாக இருக்கிறதே" என்று அனுப்பிவிடுவார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் நேரே பார்க்கும்போது தெரியும் மொத்தப் பரப்பு, 40 பாகைக்குக் கீழே சுருங்கினால் அது குறைபார்வை. 10 பாகைக்கும் குறைந்தால் பார்வையின்மை. எழுத்து படிக்க முடிகிறதா என்பது மட்டும் அளவுகோல் அல்ல. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகும்போது பார்வைப் புலப் பரிசோதனை செய்து அந்தத் தாளையும் இணைக்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் உடன்பிறந்தவர்களும் கண்ணைக் காட்டட்டும். பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் கட்டாயம்.

அம்மாவுக்கு வயது 71, கண் நீர் அழுத்த நோயால் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. கொஞ்ச நாளாக, முற்றத்தில் சிவப்புச் சட்டை போட்ட குழந்தைகள் வரிசையாக நிற்பதாகச் சொல்கிறார். மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள் உறவினர்கள். (குளச்சல்)

மந்திரிக்க வேண்டாம். அம்மாவுக்குப் பேயும் பிடிக்கவில்லை, புத்தியும் பிசகவில்லை. கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி நின்றுபோகும்போது, மூளை தானே படங்களை உண்டாக்கிக்கொள்ளும். சார்ல்ஸ் போனே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், பார்வை மங்கிய தம் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை 1760-இல் எழுதிவைத்தார். இன்றும் இது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. பூக்கள், கோலம் போன்ற வடிவங்கள், குட்டி மனிதர்கள் என்று வரும். அந்த உருவங்கள் பேசுவதில்லை.

"பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ" என்ற பயத்தில் எத்தனையோ பெரியவர்கள் இதை வாய் திறவாமல் சுமக்கிறார்கள். உங்கள் அம்மா சொன்னாரே, அது அவர் உங்கள்மேல் வைத்த நம்பிக்கை. "இன்றைக்கும் வந்தார்களா அம்மா?" என்று இயல்பாகக் கேளுங்கள். உருவம் தோன்றும்போது லைட்டைப் போடச் சொல்லுங்கள். கண்ணை இடமும் வலமுமாகச் சில முறை அசைக்கட்டும். எழுந்து நாலு எட்டு நடக்கட்டும். பெரும்பாலும் கலைந்துவிடும். பலருக்கு நாளடைவில் குறைகிறது. கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள். குரல் கேட்கிறது என்றாலோ, அவை நிஜம் என்று வாதிட்டாலோ, ஆள் குழம்பிப்போனாலோ, புது மாத்திரை தொடங்கியபின் வந்தது என்றாலோ உடனே பொது மருத்துவரைப் பாருங்கள். சொட்டு மருந்தை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. போன பார்வையை அது திருப்பித் தராது. இருப்பதைக் காப்பது அதுதான். இந்த நோய் குடும்ப வழி வரக்கூடியது, ஆகவே நீங்களும் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கள்சந்தையில் மீன் விற்கிறேன். நோட்டு எது எது என்று தெரியாமல் ஏமாறுகிறேன்.

அக்கா, 100, 200, 500 நோட்டுகளின் அகலம் ஒன்றே. நீளம்தான் 142, 146, 150 மில்லிமீட்டர் என்று நாலு நாலாகக் கூடுகிறது. ஓரத்தில் தடவினால் தட்டுப்படும் கோடுகள் 100-க்கும் 200-க்கும் நான்கு, 500-க்கு ஐந்து. ஆனால் பழைய நோட்டில் அவை தேய்ந்திருக்கும், மீன் ஈரம் பட்ட விரலுக்கு எட்டவும் எட்டாது. அதனால் மடிப்பு முறைக்கு மாறுங்கள்: 100-ஐ மடிக்காமல், 200-ஐக் குறுக்கே ஒருமுறை, 500-ஐ நீளவாக்கில். வாங்கியவுடன் மடித்து, 500-ஐ மட்டும் தனிச் சுருக்குப்பையில் போடுங்கள். ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட 'மணி' செயலி, கேமராவில் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். இரவு வீட்டில் சரிபார்க்க உதவும். சந்தை நெரிசலுக்கு மடிப்புதான்.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். பார்வை குறைவதைச் சொன்னால் வேலை போய்விடுமா? (நாகர்கோவில்)

போகாது. முதல் பதிலில் நான் சொன்ன மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியாகிவிட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அந்த வேலை இயலவில்லை என்றால் அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும். அப்படிப் பணியிடம் இல்லையேல், கிடைக்கும்வரை அல்லது ஓய்வுபெறும்வரை உங்களுக்கென்றே ஓர் இடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். சான்றிதழை முதலில் பெற்று, எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாய்வார்த்தையாக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பக்கப் பார்வை போன அப்பா ஸ்கூட்டரை விடமாட்டேன் என்கிறார். (தக்கலை)

சாவியை வாங்கிவிடுங்கள். கூடவே, அவர் கேட்ட நேரத்தில் கொண்டுபோய் விடும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி நான். வெள்ளைக்கோல் பிடித்தால் ஊரில் பேசுவார்கள், கல்யாணம் தடைப்படும் என்கிறார் அம்மா. கோலோடு போய்விட்டு போனைப் பார்த்தால் நடிக்கிறேன் என்கிறார்கள். (மார்த்தாண்டம்)

மகளே, முழுவதும் பார்வை இழந்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல கோல். உன் நடுப்பார்வை போனைப் படிக்கிறது. படியையும் ஓடையையும் அது காட்டாது. இரண்டும் உண்மை. இப்போது காலடியையே பார்த்துக்கொண்டு நடக்கிறாய் அல்லவா? அந்த வேலையைக் கோல் எடுத்துக்கொண்டால் உன் கண் நிமிர்ந்து எதிரே வருபவரைப் பார்க்கும். கோலின் உயரம் உன் நெஞ்செலும்பின் அடிவரை இருக்கட்டும். இடக்கால் முன்னே போகும்போது கோல் நுனி வலப்பக்கம் தொட வேண்டும். வலக்கால் போகும்போது இடப்பக்கம். வீச்சு தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். பயிற்சியாளரோடு முதலில் வீட்டு முற்றத்திலும், பிறகு அந்திப்பொழுதில் தெருவிலும் பழகு. அம்மாவையும் ஒருநாள் கூட அழைத்துப் போ. நீ தடுக்காமல் பஸ் ஏறுவதை அவர் நேரில் பார்க்கட்டும்.

மாமியாருக்குப் பார்வை மங்குகிறது. அடுக்களைக்குள் விடலாமா? (குழித்துறை)

விடுங்கள். அவர் ஆண்டாண்டு காலமாக ஆண்ட இடம் அது. அடுப்புத் திருகில் 'அணைப்பு' நிலைக்கு நேரே எம்-சீல் பசையால் ஒரு புள்ளி வையுங்கள். வெள்ளைச் சோறு வாழையிலையில் தெரியும், வெள்ளைத் தட்டில் தெரியாது. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வீட்டில் எல்லோரும் பழகவேண்டும். கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும் அல்லது முழுக்க மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவுதான் நெற்றியைப் பதம் பார்க்கும். கிணற்றுக்குக் கம்பிமூடி இல்லையென்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.