தண்ணி தூய பொருளா, கலவையா?

கேள்வி: தண்ணில ஹைட்ரஜன், ஆக்சிஜன்னு ரெண்டு தனிமம் இருக்கு. அப்புறம் எப்படி அதை தூய பொருள்னு சொல்றாங்க? அது கலவைதானே?

பதில்: நிறைய பேருக்கு இடறுற இடம் இதுதான், நல்ல கேள்வி. தூய பொருள்னா ஒரே தனிமம் இருக்கணும்னு அர்த்தம் இல்லைங்க, எந்த மூலைல இருந்து எடுத்துப் பார்த்தாலும் ஒரே சேர்க்கை இருக்கணும், அவ்வளவுதான். சுத்தமான தண்ணி 18 கிராம் எடுத்தா அதுல ஹைட்ரஜன் 2 கிராம், ஆக்சிஜன் 16 கிராம், எங்க எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால தனிமமும் தூய பொருள்தான், தண்ணி மாதிரி வேற வேற தனிமங்களோட அணுக்கள் குறிப்பிட்ட அளவுல வேதிமுறைல சேர்ந்து உருவான சேர்மமும் தூய பொருள்தான்.

கலவைல அந்தக் கட்டுப்பாடே கிடையாது. இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் எந்த அளவுல வேணா கலக்கலாம், காந்தத்தைக் காட்டினா இரும்பு தனியா ஒட்டிக்கிட்டு வந்துடும், கந்தகம் மஞ்சளாவே கிடக்கும். அதையே 7 கிராம் இரும்பு, 4 கிராம் கந்தகம்னு எடுத்து நல்லா சூடு பண்ணினா அயர்ன் சல்ஃபைடுனு கறுப்பா புதுசா ஒண்ணு வரும் பாருங்க, அதுல இருந்து காந்தத்தை வச்சு இரும்பைப் பிரிக்க முடியாது, ஏன்னா அணுக்கள் வேதிப்பிணைப்புல மாட்டிக்கிச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இது. (ஆய்வகத்துல ஆசிரியர் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்க, அந்தப் புகை கெடுதல்.)

இன்னொண்ணு, ஆக்சிஜன் மூலக்கூறுல ரெண்டு அணு இருக்குன்னு அதையும் சேர்மம்னு எழுதிடாதீங்க, ரெண்டும் ஒரே தனிமத்தோட அணுதான்.