நாயின் ரத்த ரிப்போர்ட்டில் கிட்னி, கணையம், உப்பு எல்லாமே அதிகம் என்று வந்திருக்கிறது. எல்லாம் போய்விட்டதா?

உங்கள் கேள்வி இதுதான்: 9 வயது லாப்ரடார், மூன்று நாளாக வாந்தி, சாப்பாட்டைத் தொடவில்லை. யூரியா 75, கிரியாட்டினின் 2.1, அமைலேஸ் 1,350, லைப்பேஸ் 600, சோடியம் 150, பொட்டாசியம் 5.3. ஆறுக்கும் பக்கத்தில் "அதிகம்" என்று கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது, இனி எத்தனை நாள் இருப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. 8 வருடமாகக் கால்நடை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியன் வேலை. உங்கள் பையனைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருக்கிறீர்கள் என்பது தெரிகிறது, அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். அமைலேஸும் லைப்பேஸும் கணையம் சுரக்கும் செரிமான நொதிகள். அதில் அமைலேஸுக்கு இயல்பான அளவு 28 முதல் 100 வரை என்று போட்டிருக்கிறது. அது மனிதர்களின் அளவு. பக்கத்தில் கால்நடை லேப் இல்லாததால் தெருமுனை லேப்பில் ரத்தத்தைக் கொடுத்திருப்பீர்கள், அதில் தப்பே இல்லை, சின்ன ஊர்களில் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அந்த மெஷினுக்கு வந்தது நாய் என்று தெரியாது. நாய்க்கு அமைலேஸ் 500 முதல் 1,500 வரை இருப்பது சாதாரணம். சோடியம் மனிதனுக்கு 145 தாண்டினால் அதிகம், நாய்க்கு 144 முதல் 160 வரை இருக்கலாம். பொட்டாசியம் நாய்க்கு 5.8 வரை போகலாம். லைப்பேஸ் மெஷினுக்கு மெஷின் ரொம்ப மாறும், ஆனாலும் மனித அளவை வைத்து நாயின் லைப்பேஸைத் தீர்மானிக்க முடியாது. ஆக ஆறு "அதிகம்" என்பதில் நான்கை இப்போதைக்கு அடித்துவிடலாம். மிச்சம் இரண்டு, யூரியாவும் கிரியாட்டினினும், கிட்னி வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவுகள். இவை இரண்டும் நாய்க்கும் அதிகம்தான்.

யூரியாவில் ஒரு குழப்பம் உண்டு. சில லேப் யூரியா என்று தரும், சில லேப் பியூஎன் என்று தரும். பியூஎன் என்பது யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிடுவது, அதை 2.14ஆல் பெருக்கினால் யூரியா. உங்கள் 75 பியூஎன் கணக்கில் 35தான், நாய்க்கு 27 வரை இருக்கலாம். அடுத்த வாரம் வேறு லேப்பில் பியூஎன் 40 என்று வந்தால், 75இலிருந்து 40க்கு இறங்கிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், உண்மையில் அது ஏறியிருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாவது ரிப்போர்ட்டையும் அதே லேப்பில் எடுக்கச் சொல்வேன்.

சரி, இப்போது கிட்னி. யூரியாவும் கிரியாட்டினினும் ஏறினால் கிட்னி கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. மூன்று நாள் வாந்தியில் உடம்பில் தண்ணீர் வற்றிப் போனால் கிட்னிக்குப் போகும் ரத்தம் குறையும், வடிகட்டுவது குறையும், கிட்னி நன்றாக இருந்தாலும் இரண்டும் ஏறும். சிறுநீர்ப் பாதை அடைத்தாலும் ஏறும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் யூரியா மட்டும் தனியாக ஏறும். இவற்றைப் பிரித்துச் சொல்வது ரத்தம் இல்லை, சிறுநீர். அதில் இரண்டு மூன்று சொட்டு எடுத்து அடர்த்தி பார்க்கும் கருவியில் விட்டால் போதும், அரை நிமிட வேலை. நாய்க்கு 1.030க்கு மேல் இருந்தால் கிட்னி தண்ணீரைச் சேமித்துச் சிறுநீரைக் கெட்டியாக்குகிறது, வேலை செய்கிறது என்று அர்த்தம். உடம்பு வற்றிக் கிடக்கும்போதும் 1.008 முதல் 1.012க்குள் தண்ணியாகவே போனால் கிட்னியைச் சந்தேகிக்க வேண்டும்.

அதைக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டுச் செவலை இதே மாதிரி வாந்தி எடுத்துப் படுத்துவிட்டான். கிரியாட்டினின் 4. உடனே டிரிப்ஸ் போட்டார்கள், இரண்டு நாளில் 2.6க்கு இறங்கியது, வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. அப்புறம்தான் சிறுநீர் எடுத்தோம், 1.010. அது கிட்னியின் பலவீனமா, இரண்டு நாளாக ஏறிய டிரிப்ஸா என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் டிரிப்ஸ் ஏறினாலே சிறுநீர் தண்ணியாகிவிடும். ஐந்து வாரம் கழித்து அவன் போய்விட்டான். பழைய கிட்னி நோயா, அந்த மழைக்காலத்தில் வந்த எலிக்காய்ச்சலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. லேப்பில் வேலை பார்க்கும் நானே கேட்கவில்லையே என்பது இன்னும் வலிக்கிறது. நீங்கள் கேளுங்கள். அதற்காக டிரிப்ஸைத் தள்ளிப் போட வேண்டாம், காலையில் கட்டை அவிழ்த்து வெளியே கூட்டிப் போகும்போது சுத்தமான கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு போனாலே போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாக நமக்கும் வரும்.

கிரியாட்டினினைப் பற்றி இன்னொன்று. அது தசையிலிருந்து வருவது, அதனால் எலும்பும் தோலுமாக மெலிந்த நாய்க்குக் கிட்னி கெட்டிருந்தாலும் குறைவாகக் காட்டும். அதோடு, கிட்னியின் வேலைத்திறனில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் நன்றாக ஏறும். எஸ்டிஎம்ஏ என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, சராசரியாக 40 சதவீதம் போகும்போதே ஏற ஆரம்பிக்கும், தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. கால்நடை லேப்களில்தான் கிடைக்கும். நீண்டகாலக் கிட்னி நோய்க்கு உலக அளவில் நான்கு நிலைகள் வைத்திருக்கிறார்கள், நாய்க்குக் கிரியாட்டினின் 1.4 முதல் 2.8 வரை இரண்டாவது நிலை. உங்கள் 2.1 அதில் விழுகிறதே என்று பயப்படாதீர்கள், அந்தக் கணக்கை வாந்தி நின்று உடம்பு தேறிய பிறகுதான் போடுவார்கள். அப்படியே இரண்டாம் நிலையாக இருந்தாலும் உணவை மாற்றி மாதக்கணக்கில், பல நேரம் வருடக்கணக்கில் நன்றாக வாழும் நாய்கள் இருக்கின்றன.

கணையத்துக்கு வருவோம். அமைலேஸும் லைப்பேஸும் கணையத்திலிருந்து மட்டும் வருவதில்லை, வெளியேறுவதும் கிட்னி வழியாகத்தான். அதனால் கிட்னி சுணங்கினால் இவை இரண்டு, மூன்று மடங்குகூட ஏறும், கணையம் பாவம் சும்மா இருக்கும். மறுபக்கம் கணையம் உண்மையிலேயே வீங்கினால் வாந்தியில் தண்ணீர் வற்றி யூரியாவும் கிரியாட்டினினும் ஏறும். இரண்டும் ஒன்றைப் போல ஒன்று வேஷம் போடும். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் லைப்பேஸ் தனியாக ஏறும். கணையத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் நாய்க்கென்றே உள்ள கணைய லைப்பேஸ் டெஸ்ட், சிபிஎல் என்பார்கள், அதைக் கேளுங்கள். பெரிய லேப்களில் பரவலாகப் பயன்படும் முறையில் 200 வரை இயல்பு, 400க்கு மேல் போனால் கணைய வீக்கத்துக்கு வலுவான அறிகுறி. வயிறு ஸ்கேனையும் சேர்த்துப் பார்ப்பார்கள். போன வாரம் யாராவது கறிக்கொழுப்போ பிரியாணியோ கொடுத்தார்களா, நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரை எதையாவது போட்டார்களா என்று வீட்டில் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றையும் கிட்னியையும் சேர்த்துக் கெடுக்கும், டாக்டருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

பொட்டாசியத்தைத் தனியாகப் பார்க்காமல் சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்துப் பாருங்கள். உங்களுக்கு 150ஐ 5.3ஆல் வகுத்தால் 28 வருகிறது. 27க்குக் கீழே போனால் அடிசன் நோயை நினைக்க வேண்டும், அட்ரினல் சுரப்பி சுரக்காமல் போவது. வாந்தி, சோர்வு, யூரியா, கிரியாட்டினின் ஏற்றம், தண்ணியான சிறுநீர் என்று கிட்னி நோயை அப்படியே உரித்து வைத்திருக்கும், ஆனால் சரியான மாத்திரை கொடுத்தால் நாய் எழுந்து ஓடும். கிட்னி போய்விட்டது என்று கைவிடப்பட்ட ஒரு நாய் இந்த நோய் என்று தெரிந்து பிழைத்ததை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் பையனின் எண் எல்லையை ஒட்டி இருப்பதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எண்ணே பொய்யாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற பொட்டாசியம் உப்பு இருக்கும், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து கொஞ்சம் ரத்தத்தை, இந்த உப்புகளைப் பார்க்கும் சிவப்பு மூடி டியூபில் ஊற்றினால் போச்சு, பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். ஒரு முறை எங்களிடம் பொட்டாசியம் 14, கால்சியம் 2 என்று வந்தது. வெளியே வந்து பார்த்தால் அந்த நாய் நின்றுகொண்டு பிஸ்கட் தின்கிறது. அந்த எண்ணோடு எந்த நாயும் நிற்க முடியாது. திரும்ப ரத்தம் எடுத்தோம், இரண்டும் இயல்பு.

நாளைக் காலை சிறுநீர், அதோடு பாஸ்பரஸ், ரத்த அணுக்கள், உண்ணிக் காய்ச்சலுக்கான டெஸ்ட், முடிந்தால் கால்நடை லேப்பில். கடந்த சில மாதங்களாக அதிகம் தண்ணீர் குடித்தானா, எடை குறைந்ததா என்பதையும் சொல்லுங்கள், பழைய நோயா புதிதா என்று பிரிக்க அது ரொம்ப உதவும். ஆனால் இன்று மதியத்திலிருந்து சிறுநீரே போகவில்லை என்றாலோ, எழுந்து நிற்க முடியாமல் துவண்டாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே தூக்கிக்கொண்டு போங்கள், பொட்டாசியம் ஏறினால் அது இதயத்தைத்தான் நிறுத்தும். சிறுநீர் அடர்த்தி என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.