பசிப்பொடி வேண்டாம், சின்சேயிடம் போகலாம்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மூன்றரை வயது மகன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, சின்சே என்ற சீன மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார். தோழி ஒருத்தி, வாட்ஸ்அப்பில் வாங்கிய சீனப் பசிப்பொடியைக் கொடுக்கச் சொல்கிறாள். எதைச் செய்வது?"

சின்சேயிடம் தாராளமாகப் போங்கள். பொடியைத் தொடாதீர்கள்.

அதற்கு முன் பலதுறை மருந்தகத்தில் எடையையும் இரும்புச்சத்தையும் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் ஆண்டுக்கு இரண்டு கிலோ கூடினாலே போதும். நாள் முழுக்கப் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோறு இறங்காது. அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள்.

செரிக்காத உணவு தேங்கிப் பசியை அடைக்கிறது என்பது சீன மருத்துவத்தின் கணிப்பு. அதற்காக உலர்ந்த ஹாவ்தார்ன் பழம், முளைகட்டிய பார்லி, கோழி இரைப்பையின் உள்தோல் ஆகியவற்றைக் கொடுப்பார்கள். முதுகுத்தண்டின் மேல்தோலை அடியிலிருந்து கழுத்துவரை விரல்களால் கிள்ளி உருட்டும் பிடித்துவிடலும் உண்டு. பெரிய ஆய்வுகளின் உறுதி இவற்றுக்கு இல்லை. முறையாகச் செய்தால் பெரும்பாலும் தீங்கும் இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சின்சே பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. பிறந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் மகனுக்கு ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு என்று வந்ததா? வந்திருந்தால் சின்சே கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள். குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை வரும் என்று அஞ்சி, ஹுவாங்லியான் என்ற கசப்பு வேருக்கு இங்கே 1978இல் தடை விதித்தார்கள். இப்போது தடை இல்லை. ஆனாலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. "சிறிதளவுதான்" என்றாலும் வேண்டாம், வேறு மூலிகைகளோடு கலந்திருந்தாலும் வேண்டாம். குழந்தையின் சுகாதாரக் கையேட்டைக் கையோடு எடுத்துச் சென்று மேசையில் விரித்துக் காட்டுங்கள்.

இனி அந்தப் பொடி. இரண்டே நாளில் பிள்ளை தட்டைக் காலி செய்தால் அது மூலிகையின் வேலை என்று நம்பாதீர்கள். இத்தகைய சரக்குகளில் பசியையும் தூண்டிவிடும் சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஒளிந்திருந்து பிடிபட்டதுண்டு. முகம் உப்புவதைப் பார்த்துத் தாய் பூரிப்பாள். விற்றவள் அந்தப் படத்தையே விளம்பரமாக்குவாள். சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரிக்கத்தான் செய்கிறது, ஆனால் பெரும்பாலும் யாரோ ஒருவர் பாதிக்கப்பட்ட பிறகு! ஒரு கணக்கை முடக்கினால் மறுநாளே வேறு பெயரில் விற்கிறார்கள். எத்தனை காலம்தான் இப்படித் துரத்திக்கொண்டிருப்பார்கள்? "ஆணையத்தின் பட்டியலில் உள்ளது" என்று விற்பவர் சொன்னாலும் மயங்க வேண்டாம். பட்டியல் பார்ப்பது பாதுகாப்பையும் தரத்தையும்தான்; பசி வருமா என்பதை அல்ல.

ஏற்கெனவே சில வாரங்கள் கொடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு இருந்தால், சட்டென்று நிறுத்துவதும் பிள்ளைக்கு ஆபத்து. பொடியை உறையோடு எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரிடம் போங்கள்.