விண்மீன் மங்கியதா, வானம் மங்கியதா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். எட்டு அங்குலத் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, ஆகஸ்டில் நான்கு நாட்கள் இரவு 9 மணிக்கு அவ்வப்போது திடீரென ஒளிவெடிக்கும் ஏயூ மைக்ராஸ்கோபி என்ற சுடர் விண்மீனைப் படமெடுத்தேன். மூன்றாம் நாள் ஒளி சற்றுக் குறைந்திருந்தது. அது விண்மீனின் கரும்புள்ளியா, நம் ஊர்க் காற்றின் வேலையா?

பதில்: முதலில் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடலோர ஈரத்துடன், அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டங்களை எரிக்கும் புகையும் அம்மாதத்தில் சேர்ந்துகொள்ளும். அதே படத்தில் உள்ள வேறிரண்டு விண்மீன்களை அளந்து பாருங்கள்; அவையும் மங்கியிருந்தால் குற்றவாளி வானமே. அவை மாறாமல் இது மட்டும் மங்கியிருந்தால் புள்ளியாக இருக்க வாய்ப்புண்டு.

காந்தப்புலம் மிக வலுவாக உள்ள இடத்தில், உள்ளிருந்து வெப்பத்தைச் சுமந்து மேலெழும் வாயு தடைபடுவதால், அப்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சில நூறு பாகை குளிர்ந்து மங்குகிறது. கரும்புள்ளி என்கிறோமே தவிர, தனியே எடுத்து வைத்தால் அதுவும் கண்கூசச் சுடரும். இவ்விண்மீன் சுமார் 32 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதால் எட்டு அங்குலக் கருவியில் புள்ளியின் உருவம் தெரியாது. விண்மீன் சுழலும்போது மொத்த ஒளி ஏறி இறங்குவதை மட்டுமே அளக்க முடியும்.

அதன் சுழற்சிக்காலம் 4.86 நாள். இதில் ஒரு சிக்கல் உண்டு: தினமும் ஒரே நேரத்தில் படமெடுத்தால் ஐந்து நாளில் ஏறக்குறைய அதே முகமே திரும்பி வரும், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் மட்டுமே முன்னேறியிருக்கும். ஆகவே நேரத்தை மாற்றி மாற்றி, சில வாரங்கள் தொடர்ந்து எடுங்கள். ஆகஸ்ட் நடுவில் இரவு 11 மணியளவில் அது டர்பனுக்கு ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். காற்றின் தொல்லை அப்போதுதான் குறைவு. குவியத்தைச் சற்றே கலைத்து, விண்மீனைச் சிறு வட்டாகப் பரவவிட்டால் அளவீடு சீராக அமையும்.

சராசரி போடுவதற்கு முன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் அவசியம். சில நிமிடங்களில் பளிச்சென ஏறி மெல்லத் தணியும் ஒளிவெடிப்பு இரண்டாம் நாள் நேர்ந்திருந்தால், ஒரு குறையுமில்லாத மூன்றாம் நாள் மங்கலாகத் தோன்றியிருக்கும். இன்னொன்று, மிகப் பிரகாசமான நாளில் விண்மீன் புள்ளியின்றி இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்; எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிய புள்ளிகள் இம்முறையில் அகப்படுவதில்லை.

இயன்றால் கேமராவின் நீல, சிவப்புப் பதிவுகளைத் தனித்தனியே அளங்கள். குளிர்ந்த புள்ளியானால் நீலத்தில் சரிவு கூடுதலாக இருக்கும். ஆனால் இச்செந்நிற விண்மீன் நீலத்தில் மங்கலானது என்பதால் அதற்குப் படங்கள் நிறையத் தேவைப்படும்.