ஆறு ஆண்டுகளாக நிற்கும் தினேப்பரை வாங்கலாமா?

கேள்வி: கோவையைச் சேர்ந்த நான் மூன்று ஆண்டுகளாக ஜார்ஜியாவின் திபிலீசியில் வேலை செய்கிறேன். எங்கள் குடியிருப்பில் வசிக்கும் பெரியவர் ஒருவர், சைடுகாருடன் கூடிய தமது 1981ஆம் ஆண்டு தினேப்பர் எம்டி 10-36 மோட்டார் சைக்கிளை விற்க விரும்புகிறார். அது ஆறு ஆண்டுகளாக ஷெட்டில் நிற்கிறது. “பெட்ரோல் ஊற்றினால் கிளம்பிவிடும்” என்கிறார். ஊரில் பத்து ஆண்டுகள் புல்லட் ஓட்டியிருக்கிறேன். இந்தக் கோடையிலேயே மனைவியுடன் மலையூரான ஸ்டெபான்ட்ஸ்மிண்டா வரை போய்வர ஆசை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பிப் பார்க்க வேண்டாம். பெரியவர் ஆர்வத்தில் கிக்கரை மிதிக்க வந்தாலும் பணிவாகத் தடுத்துவிடுங்கள். ஆறு ஆண்டுகள் ஓடாத தினேப்பருக்கு அதன் 40 ஆண்டு வயதைவிட, மறுபடி கிளம்பும் முதல் ஐந்து நிமிடங்களே அதிக ஆபத்தானவை.

காரணத்தைப் புரிந்துகொள்ள இந்த வண்டியின் பிறப்பைச் சற்றே அறிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ ஆர் 71 வண்டியைப் பார்த்துச் சோவியத் ஒன்றியம் 1941இல் எம்-72 என்ற ராணுவ மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. போர் மாஸ்கோவை நெருங்கியபோது தயாரிப்பு யூரல் மலைப் பகுதியின் இர்பித் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்து வந்தது யூரல் மோட்டார் சைக்கிள். போருக்குப் பின் கீவ் நகரத் தொழிற்சாலையும் அதே எம்-72ஐத் தயாரிக்கத் தொடங்கி, பிறகு தினேப்பர் என்ற பெயரில் தனிவழி கண்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்: இருபுறமும் கிடைமட்டமாக நீண்டிருக்கும் சிலிண்டர்கள், 649 சிசி கொள்ளளவு, செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட். ஆனால் என்ஜினின் உள்ளே இருக்கும் வேறுபாடுதான் உங்கள் பணப்பையைத் தீர்மானிக்கப் போகிறது.

யூரலின் கிராங்க், அதாவது பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, பல துண்டுகளை அழுத்திப் பொருத்தியது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ரோலர் பேரிங் சுழலும். ரோலருக்கு எண்ணெய்ச் சிதறல் பட்டாலே ஓரளவு சமாளித்துக்கொள்ளும். தினேப்பரின் கிராங்கோ கார் என்ஜினில் இருப்பதுபோல ஒரே துண்டாக வார்க்கப்பட்டது அல்லது அடித்துருவாக்கப்பட்டது. அதன் கனெக்டிங் ராடுகளில் இருப்பவை உருளைகள் இல்லாத, வழவழப்பான ஷெல் பேரிங்குகள். அவை அழுத்தத்துடன் வரும் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழல முடியும். அழுத்தம் இருக்கும்வரை ரோலரைவிட அமைதியாகவும் நீண்ட காலமும் உழைக்கும். அழுத்தம் இல்லாமல் ஓடினால் உலோகம் உலோகத்தை உரசி, சில நிமிடங்களிலேயே கிராங்கைக் கடைசலுக்கு அனுப்ப வேண்டியதாகிவிடும். ஆறு ஆண்டுகளில் பேரிங்குகளில் இருந்த எண்ணெய் வழிந்து இறங்கியிருக்கும். என்ஜினின் அடித்தட்டான ஆயில் சம்ப்பில் கசடு படிந்திருக்கும். பம்ப்பின் வாயிலிருக்கும் வலை பாதி அடைத்திருக்கலாம். இந்த நிலையில் கிக்கர் மிதிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

எனவே விலை பேசுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை முழுவதையும் பெரியவரிடம் கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணெயை வடித்து, சம்ப்பைக் கழற்றி, அடியில் படிந்திருப்பதை வெள்ளைத் துணியில் வழித்துப் பாருங்கள். கருப்புக் குழம்பு கவலைக்குரியதல்ல. விரலில் உருட்டும்போது மினுக்கும் உலோகச் செதில்கள் இருந்தால் ஷெல்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அடுத்து ஒரு சிலிண்டரைக் கழற்றுங்கள்; என்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்காமலேயே இதைச் செய்ய முடிவது இந்த அமைப்பின் பெரிய வசதி. கனெக்டிங் ராடை அதன் நீளவாக்கில் தள்ளி இழுக்கும்போது சிறு ‘டக்’ கூடக் கேட்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பே, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்தச் சோதனைக்குப் பெரியவர் இடம்கொடுக்க மறுத்தால் அவரைச் சந்தேகிக்கத் தேவையில்லை. ஆனால் என்ஜினை முழுமையாக ஓவர்ஹால் செய்ய வேண்டிய வண்டி என்று கருதியே விலை சொல்லுங்கள்.

இன்னொரு இடம் உண்டு. பலரும் பார்க்கத் தவறுவது அதைத்தான். தினேப்பரில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கிராங்கின் முன்முனையில், முன்மூடிக்குள், கிராங்கோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணம் இருக்கிறது. எண்ணெயில் உள்ள அழுக்கு மையவிலக்கு விசையால் அதன் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் யாராவது திறந்து சுரண்டினால்தானே! பட்டாணி வேகவைத்துக் கடைந்ததுபோல் கெட்டியான சேறு நிரம்பிய கிண்ணங்களை நான் பார்த்திருக்கிறேன். உரிமையாளருக்கு அப்படி ஒரு பாகம் இருப்பதே தெரியாது. அதைச் சுத்தம் செய்து, புது எண்ணெய் ஊற்றி, இரண்டு பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவையுங்கள். பிறகு பிளக் இல்லாமலேயே மெதுவாகப் பலமுறை மிதித்து எண்ணெயைப் பேரிங்குகள்வரை ஏற்றுங்கள். அதற்குப் பிறகுதான் பெட்ரோல். கூடவே ஓர் ஆயில் அழுத்தமானியைப் பொருத்திவிடுங்கள்; இந்த வண்டிக்கு நீங்கள் வாங்கித்தரக்கூடிய சிறந்த பரிசு அதுதான்.

என்ஜின் தேறிவிட்டால் மற்றவை பெரும்பாலும் பொறுமையைச் சோதிப்பவையே தவிர, பணத்தை விழுங்குபவை அல்ல. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்புரேட்டர் இருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் திறக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு காலால் நொண்டும். உள்ளிருக்கும் ஸ்லைடுகள் தேய்ந்திருந்தால் எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் சீராக நிலைக்காது, அப்போது ஜோடியாக மாற்றிவிடுவதே நல்லது. இங்கே ஓர் எச்சரிக்கை: எந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது என்று பார்க்க, நம் ஊர் மெக்கானிக்குகள் செய்வதுபோல ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்கித் தொங்கவிடாதீர்கள். மின்பொறியை உண்டாக்கும் ஒரே காயிலின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு பிளக்குகளுக்கு ஒரே சமயத்தில் பொறி போகிறது. ஒரு பக்கம் வழியில்லாமல் போனால் காயிலின் உட்காப்பு எரிந்துவிடும். பிடுங்கிய ஒயரில் உபரிப் பிளக் ஒன்றைச் செருகி, அதை என்ஜினில் படும்படி வைத்துச் சோதியுங்கள். பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர், வால்வுகளின் டேப்பெட் இடைவெளியை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே, 0.1 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். ஆல்டர்னேட்டர் 150 வாட்தான். அதனால் பெரிய ஹெட்லைட்டையும் கைப்பேசி சார்ஜரையும் அதன் தலையில் கட்டாதீர்கள். பெட்ரோலைப் பொறுத்தவரை, அழுத்த விகிதம் குறைவாக இருப்பதால் சாதாரண ரகமே போதும்.

உதிரிப் பாகம் வாங்கும்போது “யூரல்–தினேப்பர் இரண்டுக்கும் பொருந்தும்” என்ற பேச்சை நம்பிவிடாதீர்கள். கிராங்க், கியர்பாக்ஸ் எல்லாம் வேறு வேறு. அண்மையில் வார்த்த மலிவுப் பாகங்களைவிட, கிரீஸ் காகிதத்தில் சுற்றி யாரோ ஒருவரின் ஷெட்டில் உறங்கும் சோவியத் காலப் பாகமே மேல் என்பது என் அனுபவம். விதிவிலக்கு ரப்பர்: அது எங்கே உறங்கினாலும் கிழடுதட்டிவிடும்.

இனி ஓட்டுவது பற்றி. உங்கள் பத்தாண்டுப் புல்லட் அனுபவம் இங்கே உதவுவதைவிட உபத்திரவம் செய்வதற்கே வாய்ப்பு அதிகம். முதலாவது, குறைந்த சுற்றில் பெரிய கியரில் ‘டுக் டுக்’ என்று இழுத்துச் செல்லும் பழக்கம். ஷெல் பேரிங் என்ஜினில் சுற்று குறைந்தால் எண்ணெய் அழுத்தமும் குறையும். அதே நேரத்தில் சுமையை ஏற்றினால் பேரிங் நசுங்கும். ஏற்றத்தில் தயங்காமல் கியரை இறக்குங்கள். இரண்டாவது, வளைவில் உடலைச் சாய்ப்பது. சைடுகார் வண்டி சாயாது. ஹேண்டிலைத் திருப்பினால்தான் திரும்பும். கை வலிக்கும். சைடுகார் வலப்புறம் இருப்பதால் வேகம் கூட்டும்போது வண்டி வலப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது இடப்பக்கம், அதாவது எதிரே வரும் லாரியை நோக்கி, ஓடப் பார்க்கும். வலப்பக்க வளைவில் சற்று வேகமாகப் போனால் காலிச் சைடுகார் தரையை விட்டு எழும்பும். அப்படி எழும்பும்போது பதறி பிரேக் பிடிக்காமல், ஆக்சிலேட்டரைக் குறைத்து வளைவைச் சற்றே தளர்த்த வேண்டும். தொடக்கத்தில் 40, 50 கிலோ மணல் மூட்டையைச் சைடுகாரில் வைத்து, காலி மைதானம் ஒன்றில் சில நாட்கள் பழகுங்கள். மனைவி அதன் பிறகு ஏறட்டும்.

ஆவணங்களைப் பற்றி ஒரு வரி: சட்டத்திலும் என்ஜினிலும் பொறித்துள்ள எண்களைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 40 ஆண்டுகளில் பல வண்டிகளின் என்ஜின் மாறியிருக்கும்.

ஸ்டெபான்ட்ஸ்மிண்டா இந்தக் கோடையில் வேண்டாம். தூரம் சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் இருக்கும் ஜ்வாரி கணவாய் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம். திரும்பும்போது, இருவரின் எடையோடு, பழைய டிரம் பிரேக்குகளை நம்பி, சரக்கு லாரிகளுக்கு நடுவே, கணவாய்க்குக் கீழே உள்ள குதௌரி ஊர் வழியாக இறங்க வேண்டும். முதலில் அருகிலுள்ள மித்ஸ்கேத்தா நகரம் வரை போய்வந்து எண்ணெயை மாற்றுங்கள். வடித்ததில் மினுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே நெடுஞ்சாலையில் அனனூரி கோட்டை வரை, போக வர ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பிரேக் ஷூக்களைப் புதிதாக ஒட்டவைத்து, டிரம்மின் உள்வட்டம் முட்டையாகத் தேயவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பின், அடுத்த ஜூனில் கணவாயை ஏறலாம். நான்கு சக்கரங்களும், உபரியையும் சேர்த்து, ஒரே அளவானவை என்பதால் டயர் கவலை குறைவு. பையில் பாயிண்ட், கண்டென்சர், காயில், கிளட்ச் கேபிள், ஷாஃப்ட்டின் ரப்பர் இணைப்பு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஆகியவை இருக்கட்டும். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்; குதௌரியில் நிறுத்தி மூன்று டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால், அது ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்து தேநீர் குடியுங்கள்.